டாக்டர்கள் எதிர்த்தார்கள், கையெழுத்தான தாளில் என்ன இருந்தது?

அரசின் மருத்துவத் திட்டம் ஒன்றை டாக்டர்கள் எதிர்க்கும்போது இரண்டு தாள்கள் வெளியே வரும். முதலில் வருவது துண்டறிக்கை. சுதந்திரம், டாக்டர்-நோயாளி உறவின் புனிதம், சோஷலிச அபாயம் எல்லாம் அதில் இருக்கும். போராட்டம் முடிகிற அன்று வருவது ஒப்பந்தம். பில்லை யாருக்கு அனுப்புவது, தொகையை யார் தீர்மானிப்பது, பணம் யார் கை வழியாக வரும், திட்டத்தில் சேராத டாக்டர் என்ன செய்யலாம், இவ்வளவுதான் அதில் இருக்கும். பத்திரிகைகளுக்குத் தலைப்பு கொடுப்பது முதல் தாள். நான் தேடிப் படிப்பது இரண்டாவதை. ஐம்பது, அறுபது வருஷம் கழித்து ஒரு நாட்டின் மருத்துவ ஏற்பாடு எங்கே இடறுகிறது என்று பார்த்தால், டாக்டர்கள் அன்று பயமுறுத்திய இடத்தில் அது இடறுவதில்லை. அவர்களைச் சமாதானப்படுத்த விட்டுக்கொடுத்த இடத்தில்தான் இடறுகிறது.

பிரிட்டனிலிருந்து தொடங்கலாம். தேசிய சுகாதார சேவைக்கான சட்டம் 1946இல் நிறைவேறியது. 1948 ஜூலை 5இல் சேவை தொடங்கும் என்று நாளும் குறித்தாயிற்று. அதற்கு ஐந்து மாதம் முன்னால் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் தன் டாக்டர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. எதிர்த்தவர்கள் 40,814 பேர், ஆதரித்தவர்கள் 4,735 பேர். சங்கத்தின் முன்னாள் செயலாளர் ஒருவர், மசோதாவைப் பார்த்தால் ஜெர்மனியின் நாஜி ஆட்சியை நோக்கிய முதல் அடி போலிருக்கிறது என்று 1946இலேயே எழுதியிருந்தார். போர் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்த நேரத்தில் அது சாதாரண வசவு இல்லை.

உள்ளே இருந்த பயம் இன்னும் எளிமையானது. அன்றைய பிரிட்டனில் குடும்ப டாக்டரின் பிராக்டிஸ் என்பது விற்கக்கூடிய சொத்து. ஓய்வு பெறும் டாக்டர் தன் நோயாளிப் பட்டியலை இளையவருக்கு விற்பார். இளையவர் கடன் வாங்கி வாங்குவார், பிறகு பல வருஷம் உழைத்துக் கடனை அடைப்பார். புதிய சட்டம் அந்த விற்பனையைத் தடை செய்தது. கடன் பாக்கி வைத்திருந்த டாக்டருக்கு நாஜியைவிட இதுதான் பக்கத்தில் தெரிந்த ஆபத்து. அடுத்த பயம், மாதச் சம்பளத்துக்கு அரசு ஊழியராகிவிடுவோமோ என்பது.

சுகாதார அமைச்சர் அனைரின் பெவன் இரண்டையும் சரியாகவே கணித்தார். விற்பனை உரிமை போனதற்கு நஷ்டஈடாக 6 கோடியே 60 லட்சம் பவுண்டு ஒதுக்கினார். பெரிய மருத்துவமனைகளின் நிபுணர்களைத் தனியாகப் பிரித்துப் பேசினார். பகுதிநேர ஒப்பந்தத்தில் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே தனியார் நோயாளிகளையும் பார்க்கலாம், அதே மருத்துவமனையில் கட்டணப் படுக்கைகள் வைத்துக்கொள்ளலாம், திறமைக்குத் தனிப் படித்தொகையும் உண்டு என்றார். அந்தப் படி யாருக்குக் கிடைத்தது என்பது நெடுங்காலம் ரகசியமாகவே இருந்தது. அவர்கள் வாயில் தங்கத்தைத் திணித்தேன் என்று பெவன் பின்னாளில் சொன்னதாகச் சொல்வார்கள். குடும்ப டாக்டர்களுக்கோ, நாடாளுமன்றம் புதிதாகச் சட்டம் போடாமல் உங்களை முழுநேரச் சம்பளக்காரர்களாக்க மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுத்தார். எதிர்ப்பு கரைந்தது. ஜூலை 5 அன்று சேவை தொடங்கியது.

அதனால் பிரிட்டனின் குடும்ப டாக்டர் கிளினிக்குகளை இன்றைக்கும் பெரும்பாலும் நடத்துவது சுயதொழில் ஒப்பந்தக்காரரான டாக்டர்தான். கிளினிக் அவருடையது, அல்லது சில பங்குதாரர்களுடையது. பட்டியலில் இருக்கும் தலைக்கு இவ்வளவு என்று பணம் வரும். தலைக்கணக்கில் பணம் வாங்குகிறவருக்கு நோயாளி பத்து முறை வந்தாலும் ஒரே தொகை. பட்டியல் நீள நீள வருமானம் கூடும், ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நிமிடம் குறையும். பார்த்த ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்றால் கதை தலைகீழ், ஒருமுறை வந்தவரை மறுபடி வரச் சொல்வதில் லாபம். சம்பளம் என்றால் இரண்டு ஆசையும் இல்லை, கடைசி நோயாளியை நாளைக்கு வரச் சொல்லும் ஆசை மட்டும் உண்டு. எந்த முறையில் பணம் கொடுத்தாலும் ஒரு நோய் வரும். எந்த நோயோடு வாழ்வது என்பதுதான் தேர்வு.

ஒப்பந்தக்காரரை எதையாவது செய்யவைக்க வேண்டுமென்றால் உத்தரவு போட்டுப் பயனில்லை, விலை பேச வேண்டும். 2004இல் அரசு அப்படித்தான் பேசியது. தரத்துக்கு மொத்தம் 1,050 புள்ளிகள், சராசரிக் கிளினிக்குக்கு முதல் வருஷம் புள்ளிக்கு 75 பவுண்டு. சர்க்கரை நோயாளிக்கு இன்ன பரிசோதனை செய்தாயா, ரத்த அழுத்தம் 150/90க்குள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. முக்கால்வாசிப் புள்ளிகள்தான் எடுப்பார்கள் என்று நினைத்து அரசு பட்ஜெட் போட்டது. கிளினிக்குகள் முதல் வருஷமே சராசரியாக 91 சதவீதம் எடுத்தன. அதே ஒப்பந்தத்தில் இரவு நேர, வார இறுதிப் பொறுப்பை விட்டுவிட விரும்பும் டாக்டர் வருஷத்துக்குச் சுமார் 6,000 பவுண்டை இழந்தால் போதும் என்று ஒரு பிரிவு இருந்தது. பெரும்பாலானோர் விட்டுவிட்டார்கள். 24 மணி நேரப் பொறுப்புக்கு 6,000 பவுண்டு என்று விலை போட்டவர் கணக்கில் வீக் என்றுதான் சொல்லவேண்டும். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யாரை அழைப்பது என்ற குழப்பம் அதன்பிறகு அங்கே அரசியல் பிரச்சினையாகவே ஆகிவிட்டது.

கனடாவுக்குப் போவோம். அங்கே போராட்டம் இன்னும் கூர்மையாக நடந்தது. சஸ்காச்சுவான் மாகாணம், கோதுமை வயல்கள் நிறைந்த பிரதேசம். டாமி டக்ளஸ் முதல்வராக இருந்து தயாரித்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை, அவருக்குப்பின் வந்த உட்ரோ லாய்டு 1962 ஜூலை 1இல் அமலாக்கினார். அன்றைக்கே மாகாணத்தின் பெரும்பாலான டாக்டர்கள் கிளினிக்கைப் பூட்டினார்கள். குறிப்பிட்ட சில மருத்துவமனைகளில் அவசரப் பிரிவு மட்டும் நடந்தது. அரசு பிரிட்டனிலிருந்து டாக்டர்களை வரவழைத்தது. ‘நம் டாக்டர்களைக் காப்போம்’ என்ற குழுக்கள் ரெஜைனாவில் சட்டமன்றத்தின் முன் கூட்டம் கூட்டின. எதிர்பார்த்ததில் சிறு பங்குதான் வந்தது, அதோடு போராட்டத்தின் வேகம் தணிந்தது.

டாக்டர்களின் ஆட்சேபணையில் ஒன்று நியாயமானது. பணம் கொடுக்கும் ஆணையத்துக்கு, டாக்டர் எந்த நிபந்தனைகளில் தொழில் செய்ய வேண்டும் என்று விதி போடும் அதிகாரம் இருக்கிறது என்று சட்டத்தின் வாசகத்தைப் படிக்க முடிந்தது. பணம் கொடுப்பவனே மருத்துவ முறையையும் சொல்வானா என்ற கேள்விக்கு அரசு முதலிலேயே தெளிவாகப் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 23 நாள் போயிற்று.

மத்தியஸ்தம் செய்ய பிரிட்டனிலிருந்து வந்தவர் ஸ்டீபன் டெய்லர் பிரபு. அவரே டாக்டர், தேசிய சுகாதார சேவைக்காரர். ஜூலை 23இல் சஸ்கட்டூனில் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்தின் மையம் பில் போகும் பாதை. டாக்டர் தன் பில்லை நேராக ஆணையத்துக்கு அனுப்பலாம். அரசின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காதவர், டாக்டர்கள் ஏற்கெனவே நடத்தி வந்த காப்பீட்டு அமைப்புகளுக்கு அனுப்பலாம். அந்த அமைப்பு பில்லை வாங்கி ஆணையத்துக்குக் கொடுத்து, ஆணையம் தரும் பணத்தை டாக்டருக்குக் கொடுக்கும், தபால்பெட்டி மாதிரி. அதுவும் பிடிக்காதவர் நோயாளியிடமே பணம் வாங்கலாம், நோயாளி ரசீதைக் காட்டி ஆணையத்திடம் திரும்பப் பெறுவார். மூன்று பாதையிலும் கடைசியில் வருவது அதே பொதுப்பணம். ஆனால் கவரின் மேல் யார் முகவரி என்பது மாறியது. அந்த முகவரிக்காகவா 23 நாள் கிளினிக்கைப் பூட்டினார்கள் என்று இன்றைக்குச் சிரிப்பு வரும். எனக்கு அது சிரிக்கும் விஷயமாகத் தெரியவில்லை. கவரில் யார் முகவரி இருக்கிறதோ, நோயாளியின் பைல் அவர் மேஜைக்குத்தான் போகும். பைல் யார் மேஜையில் என்பதுதான் அன்றும் இன்றும் டாக்டரின் நிஜக் கவலை.

ஒப்பந்தத்தில் நிலைத்தது, பார்த்த ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்ற ஏற்பாடு. 1966இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தபோதும் அதுவே அச்சு. டாக்டர் தனி வியாபாரி, வாடிக்கையாளர் ஒருவரே, அவர் மாகாண அரசு. அரசு தரும் கட்டணத்துக்கு மேல் நோயாளியிடம் கூடுதலாக வாங்கும் வழக்கம் சில இடங்களில் வளர்ந்தது. 1984இன் கனடா சுகாதாரச் சட்டம் அதை நேராகத் தடுக்கவில்லை. மாகாணத்தில் டாக்டர்கள் எத்தனை டாலர் கூடுதலாக வாங்கினார்களோ, அத்தனை டாலரை மத்திய அரசு அந்த மாகாணத்துக்குத் தரும் நிதியில் கழித்துக்கொள்ளும் என்றது. மாகாணங்கள் ஒவ்வொன்றாகத் தடை போட்டன. ஒன்டாரியோ தடை போட்டபோது, 1986இல், அங்கே டாக்டர்கள் 25 நாள் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள்.

அதற்குப்பின் எதிர்ப்பு தெருவை விட்டு நீதிமன்றத்துக்குப் போனது. கியூபெக்கில் டாக்டர் ஷாக் ஷவுலி, இடுப்பு மூட்டு அறுவைக்கு நெடுநாள் காத்திருந்த நோயாளி ஒருவரோடு சேர்ந்து வழக்குப் போட்டார். பொதுத்திட்டத்தில் இருக்கும் சிகிச்சைக்குத் தனியார் காப்பீடு வாங்கக் கூடாது என்ற தடை செல்லாது என்று 2005இல் கனடா உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் தனியார் அறுவை மையம் நடத்திய எலும்பு மருத்துவர் பிரையன் டே இதே திசையில் இன்னும் பெரிதாகக் கேட்டார். 2020இல் தோற்றார், மேல்முறையீட்டிலும் தோற்றார், 2023இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. காத்திருப்பு நோயாளிக்குக் கேடு என்பதை யாரும் மறுக்கவில்லை. பணம் உள்ளவரை வரிசையிலிருந்து வெளியே எடுத்தால் வரிசை குறையுமா என்பதே சண்டை. அதே மயக்க மருந்து டாக்டர், அதே நர்ஸ் அந்த வரிசைக்கும் இந்த வரிசைக்கும் வேண்டியிருக்கும்போது குறையாது என்பது என் கணக்கு. அறுவை அரங்கில் தட்டுப்பாடு பெரும்பாலும் கத்தி பிடிக்கும் கைக்கு இல்லை, அதைச் சுற்றி நிற்கும் கைகளுக்குத்தான்.

இதில் வேடிக்கை, அதே பிரிட்டிஷ் கொலம்பியா 2023 பிப்ரவரியில் குடும்ப டாக்டர்களுக்கு வேறு முறையைக் கொண்டுவந்தது. செலவிட்ட நேரம், பார்த்த எண்ணிக்கை, பட்டியலின் சிக்கல் மூன்றையும் சேர்த்துப் பணம். 1962இல் டாக்டர்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய கட்டண முறையே குடும்ப டாக்டர்களை விரட்டுகிறது என்று டாக்டர்களே சொல்லித்தான் இது வந்தது. நாலு நோய் இருக்கும் கிழவருக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தாலும் ஜலதோஷக்காரரின் கட்டணமே என்றால் எத்தனை நாள் தாங்கும்?

அமெரிக்காவில் விஷயம் இதைவிடச் செழிப்பானது. அதிபர் ட்ரூமன் தேசியக் காப்பீடு பேசியபோது அமெரிக்க மருத்துவச் சங்கம் உறுப்பினருக்கு 25 டாலர் தனி வரி போட்டு, கலிபோர்னியாவின் விட்டேகர் அண்ட் பாக்ஸ்டர் என்ற பிரச்சார நிறுவனத்தை 1949இல் அமர்த்தியது. 1961இல் முதியோர் காப்பீட்டு மசோதா வந்தபோது, டாக்டர்களின் மனைவியர் பக்கத்து வீட்டுப் பெண்களைக் காபிக்கு அழைத்து ஒரு இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார்கள். தட்டில் பேசியவர் அப்போது நடிகராக இருந்த ரொனால்ட் ரீகன். கேட்டு முடித்ததும் எல்லாரும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினருக்குத் தத்தம் கைப்படக் கடிதம் எழுத வேண்டும், தானாகத் தோன்றி எழுதியதுபோல் இருக்க வேண்டும்.

1965 ஜூலை 30இல் அதிபர் ஜான்சன், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் சட்டத்தில் கையெழுத்திட்டார். சங்கம் தோற்றது என்று எழுதுவார்கள். சட்டத்தைத் திறந்தால் மெடிகேர் பகுதியின் முதல் பிரிவே, மருத்துவத் தொழிலை நடத்தும் விதத்தில் எந்த மத்திய அதிகாரியும் தலையிட இந்தச் சட்டம் அனுமதிக்காது என்கிறது. கட்டணமோ, அந்த டாக்டர் வழக்கமாக வாங்குவதும் அந்த வட்டாரத்தில் நடப்பில் இருப்பதும் பார்த்து ‘நியாயமான’ தொகை. மருத்துவமனைக்கு ஆன செலவு, அதற்கு மேல் 2 சதவீதம். பில்லைச் சரிபார்ப்பது அரசு அலுவலகம் இல்லை, டாக்டர்களோடு ஏற்கெனவே பழகிய புளூ ஷீல்டு போன்ற காப்பீட்டு நிறுவனங்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஆயிற்று. இந்த வருஷம் எல்லாரும் கட்டணத்தை ஏற்றினால் அடுத்த வருஷம் அதுவே ‘நடப்பில் இருப்பது’. செலவு ஏறாமல் என்ன செய்யும்?

அரசு தாங்கும் வரை தாங்கியது. 1983இல் மருத்துவமனைகளுக்கு நோய்வாரியாக ஒரே தொகை என்று மாற்றியது. டாக்டர்களுக்கு 1992 ஜனவரி 1 முதல் புள்ளிக் கட்டணம். ஹார்வர்டு பொருளாதார அறிஞர் வில்லியம் சியாவ் குழு, ஒவ்வொரு சிகிச்சைக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு மூளை உழைப்பு, எவ்வளவு மன அழுத்தம் என்று அளந்து எண் கொடுத்தது. ஒரு உதாரணம். ஏற்கெனவே தெரிந்த நோயாளி கிளினிக்குக்கு வருகிறார், பெரிய சிக்கல் இல்லை, இருபது நிமிடம் பார்க்கிறீர்கள். இதற்குக் குறியீட்டு எண் 99213. டாக்டரின் உழைப்புக்குப் புள்ளி 1.30. கிளினிக் செலவுக்குத் தனிப் புள்ளி, நோயாளி வழக்குப் போட்டால் காக்கும் காப்பீட்டுக்குத் தனிப் புள்ளி. மூன்றையும் ஊர்ச் செலவுக்கேற்ற குறியீட்டால் திருத்திக் கூட்டி, வருஷா வருஷம் அரசு அறிவிக்கும் டாலர் எண்ணால் பெருக்க வேண்டும். 2025இல் அந்த எண் 32.35. ஊர்த் திருத்தத்தை விட்டுவிட்டால் உழைப்புக்கு மட்டும் 1.30 × 32.35, சுமார் 42 டாலர். 2001இல் அதே பெருக்கும் எண் 38.26. விலைவாசியைக் கணக்கில் எடுக்காமலே 24 வருஷத்தில் இறங்கியிருக்கிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் அரசுத் திட்டத்தை எதிர்த்தால், சோஷலிசம் என்று அவர் சொல்வதைக் கழித்துவிட்டு மீதியைக் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

இறங்கியதற்குக் காரணம், மொத்த உண்டியலுக்கு வரம்பு கட்டப்பட்டது. ஒரு சிகிச்சைக்குப் புள்ளியை ஏற்றினால், வருஷத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் செலவு கூடும் பட்சத்தில், மற்ற எல்லாவற்றிலும் குறைத்தாக வேண்டும் என்பது சட்டம். 2021இல் இந்த 99213க்கு உழைப்புப் புள்ளியை 0.97லிருந்து 1.30 ஆக்கினார்கள். குடும்ப டாக்டர்களுக்கு நியாயம் செய்ய. உடனே பெருக்கும் எண் 36.09லிருந்து 32.41க்கு விழும் என்று விதி வந்தது. அறுவை மருத்துவர்கள் கொதித்தார்கள், காங்கிரஸ் தலையிட்டு 34.89இல் நிறுத்தியது. இதற்கு முன் 1997இல் போட்ட இன்னொரு சூத்திரம், செலவு இலக்கைத் தாண்டினால் எல்லா டாக்டருக்கும் வெட்டு என்றது. அதை 17 முறை தள்ளிப்போட்டு, 2015 ஏப்ரலில், 21 சதவீத வெட்டு தலைக்கு மேல் தொங்கும்போது ஒழித்தார்கள்.

புள்ளிகளைத் திருத்தப் பரிந்துரைக்கும் குழுவைக் கூட்டி நடத்துவது யார்? அதே அமெரிக்க மருத்துவச் சங்கம். 99213 போன்ற குறியீடுகளின் பதிப்புரிமையும் அதனிடமே. எதிர்த்த திட்டத்தின் அளவுகோலைச் செய்து விற்பது ஒரு சாமர்த்தியம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

திட்டத்திலிருந்து விலக வழி இருக்கிறதா? இருக்கிறது, அதன் படிகளைப் பார்த்தால் பலர் ஏன் விலகுவதில்லை என்று புரியும். மெடிகேரின் கட்டணம் 100 டாலர் என்று வையுங்கள். திட்டத்தை முழுதாக ஏற்றவருக்கு 100. ஏற்காமல், ஆனால் விலகாமல் இருப்பவருக்கு அடிப்படை 95, அதற்கு மேல் 15 சதவீதம் கூட்டி அதிகபட்சம் 109.25 வரை நோயாளியிடம் வாங்கலாம். ஆனால் மெடிகேரின் பங்கு நோயாளிக்குப் போகும், அதை அவரிடமிருந்து வசூலிப்பது டாக்டர் பாடு. 9 டாலருக்காக வசூல் வேலை. முழுதாக விலகுவதென்றால் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நோயாளியோடும் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், இரண்டு வருஷம் கட்டுப்படும். இந்த நோயாளிக்கு மட்டும் விலகுகிறேன் என்பதற்கு இடமில்லை. அவசர சிகிச்சை தவிர யாருக்காகவும் மெடிகேருக்கு பில் போட முடியாது. கொள்கைக்காக எதிர்ப்பவரையும் கட்டணத்துக்காக எதிர்ப்பவரையும் பிரித்துக்காட்ட இதைவிட நல்ல சல்லடை இல்லை. விலகுகிறவர்கள் சிறுபான்மை, மனநல மருத்துவர்கள் அதில் அதிகம்.

2010இன் ஒபாமா மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் டாக்டர்கள் பயந்த பலவற்றில் ஒன்று, மெடிகேர் செலவைக் கட்டுப்படுத்த 15 பேர் கொண்ட வாரியம். ஒருவரைக்கூட நியமிக்காமலே 2018இல் அது ரத்தானது. இன்னொன்று, யாருக்குச் சிகிச்சை என்று அரசு முடிவு செய்யும் ‘மரணக் குழு’ வரும் என்ற பேச்சு. உண்மையில் அது, கடைசிக் காலத்தில் என்ன சிகிச்சை வேண்டும் என்று நோயாளியோடு டாக்டர் பேசும் நேரத்துக்குக் கட்டணம் தரும் பிரிவு. கூச்சலில் அதை நீக்கினார்கள். 2016 முதல் 99497 என்ற குறியீட்டில் மெடிகேர் அதற்கு அமைதியாகப் பணம் தருகிறது. இவற்றின் நடுவே, டாக்டர்களே சொந்தமாக வைத்திருக்கும் மருத்துவமனைகள் புதிதாக மெடிகேருக்குள் வரத் தடை என்ற பிரிவு நிஜமாகவே சட்டத்தில் நின்றது. டாக்டர்களின் ஆட்சேபணைகளில் எனக்கு உடன்பாடுள்ளது இதில்தான் அதிகம். பெரிய மருத்துவமனைக் குழுமங்களுக்கு அந்தத் தடை ஒரு வேலி போலப் பயன்பட்டது.

அரசுக் குமாஸ்தா என் அறைக்குள் வருவான் என்ற 1961இன் பயம் என்ன ஆயிற்று? குமாஸ்தா வந்துவிட்டான், அரசிடமிருந்து அல்ல. மெடிகேரின் பழைய வடிவத்தில் முன் அனுமதி கேட்கும் இடங்கள் மிகக் குறைவு. தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜில்தான் எம்.ஆர்.ஐ.க்கு அனுமதி, மருந்துக்கு அனுமதி, மறுத்தால் மேல்முறையீடு. முதியோரில் பாதிக்கு மேல் இப்போது அதில்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பூசாரிகளைச் சமாளிக்கத் தனி ஆள் வேண்டும், தனி ஆளுக்குச் சம்பளம் வேண்டும், சிறிய கிளினிக் தாங்காது, மருத்துவமனைக்கு விற்றுவிட்டுச் சம்பளத்துக்குச் சேர்கிறார் டாக்டர். சொந்தப் பிராக்டிஸில் இருப்பவர்கள் பாதிக்கும் கீழே இறங்கியதை 2020இல் சங்கத்தின் கணக்கெடுப்பே காட்டியது. சம்பளக்காரர் ஆகிவிடுவோம் என்று பயந்தார்கள், ஆனார்கள். முதலாளி மட்டும் வேறு.

இனி நம் ஊர். ராஜஸ்தான் சட்டமன்றம் 2023 மார்ச் 21இல் சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அவசர நிலையில் முன்பணம் கேட்காமல் சிகிச்சை தர வேண்டும், தனியார் மருத்துவமனையும். தனியார் டாக்டர்கள் தெருவில் இறங்கினார்கள். அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது, இதில் என்ன புதிது என்று பலர் டாக்டர்களைத் திட்டினார்கள். திட்டுவதற்கு முன் ஒரு தலைக்காய நோயாளியைப் பின்தொடர்ந்து பாருங்கள்.

இரவு பதினொரு மணி, பைக் விபத்து. முப்பது படுக்கை மருத்துவமனை. மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டும், மயக்க மருந்து டாக்டரை வீட்டிலிருந்து அழைக்க வேண்டும். சி.டி. ஸ்கேன் சொந்தமாக இல்லை என்றால் பக்கத்து மையம், அவர்கள் கடன் கொடுப்பதில்லை. உள்ளே ரத்தக்கட்டு. நரம்பியல் அறுவை மருத்துவர் இங்கே இல்லை. மாற்ற வேண்டும் என்றால் வென்டிலேட்டர் வைத்த ஆம்புலன்ஸ், எடுத்துக்கொள்ளும் இடத்தில் படுக்கை உண்டா என்று உறுதி. அது கிடைக்கும் வரை இங்கே வென்டிலேட்டர் ஓடும், மணிக்கணக்காக. உறவினர் யார் என்று தெரியாது. இப்போது சட்டத்தைத் திறந்தால், எது அவசரம் என்பதன் எல்லை என்ன, எந்த நிலை வந்தால் ‘நிலைப்படுத்தியாயிற்று’, பணத்தை எந்த அலுவலகம், என்ன விலையில், எத்தனை நாளில் தரும் என்பதெல்லாம் பின்னால் வரும் விதிகளுக்கு விடப்பட்டிருந்தன. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று இதைத்தான் சொல்வார்கள். அமெரிக்காவும் 1986இல் இதையே செய்தது. அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பணம் பார்க்காமல் நிலைப்படுத்த வேண்டும் என்று சட்டம் போட்டது, அதற்கென்று நிதி ஒதுக்கவில்லை.

ஏப்ரல் 4இல் ஒப்பந்தம். 50 படுக்கைக்குக் கீழ் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்கு. அரசிடம் சலுகை விலையில் நிலமோ கட்டடமோ வாங்காதவற்றுக்கும் விலக்கு. கேட்டிருக்க வேண்டியது விலையும் தேதியும். கிடைத்தது விலக்கு. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, இரவு பதினொரு மணிக்கு அந்த பைக் விபத்து நோயாளியைக் கொண்டுபோகும் முப்பது படுக்கை மருத்துவமனை மட்டும் அதற்குள் இல்லை.

காப்பீட்டு வழியிலும் இதே சண்டைதான், சின்ன எழுத்தில். 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். ஒவ்வொரு சிகிச்சைக்கும் பேக்கேஜ் விலை. படுக்கை, மருந்து, சேர்வதற்கு முன் 3 நாள், வீட்டுக்குப் போன பின் 15 நாள் வரை அதற்குள் அடக்கம். ஒரே முறையில் இரண்டு அறுவை செய்தால் பெரியதற்கு முழு விலை, அடுத்ததற்குப் பாதி, மூன்றாவதற்குக் கால். வயிற்றைத் திறந்த பிறகு எதிர்பாராதது தெரிந்தால் பேக்கேஜ் குறியீடு மாற வேண்டும், அனுமதியும் மாற வேண்டும். அறுவைக்குப் பிந்தைய எக்ஸ்ரே, உள்ளே வைத்த கருவியின் ஸ்டிக்கர், இவற்றில் ஒன்று பைலில் இல்லை என்றால் கேள்வி வரும், பணம் நிற்கும். உள்மாநில கிளெய்முக்கு 15 நாள் என்று விதி. நடைமுறையில் நிலுவை ஏறும்போது மருத்துவமனைகள் திட்ட நோயாளிகளை எடுப்பதை நிறுத்துகின்றன. 2025 ஆகஸ்டில் ஹரியானாவில் அதுதான் நடந்தது.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் தாளை ராஜஸ்தான் தாளோடு பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அவசரம் என்ற சொல்லை அது நீட்டி முழக்கவில்லை. சாலை விபத்து, முதல் 48 மணி நேரம், பட்டியலிட்ட 81 சிகிச்சைகள், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகள், தொடக்கத்தில் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரம்பு, எந்த மாநிலத்தவரானாலும் சரி. இதை எதிர்த்து எந்த டாக்டரும் கிளினிக்கைப் பூட்டவில்லை. 49ஆவது மணியில் நோயாளி இன்னும் வென்டிலேட்டரில் இருந்தால் என்ன என்பதும் அதிலேயே எழுதியிருந்தது. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவருக்கு அந்தத் திட்டத்தில் சிகிச்சை தொடரும். இல்லாதவரை நிலைப்படுத்தி அரசு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும். அதே மருத்துவமனையில் இருக்க விரும்பினால், அந்த மணியிலிருந்து செலவு அவருடையது.